பழைய சமையல் புத்தகத்துக் கட்டிக் கணக்கும் சங்குப்பூ நீலமும்

ஜெலுத்தோங் வாசகி (பினாங்கு)

எல்லாருக்கும் வணக்கம். சௌரஸ்தா சந்தை மாடியில் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன அல்லவா, அங்கே வாங்கிய மலாய்ச் சமையல் புத்தகம் ஒன்று கையில் இருக்கிறது. அட்டையும் முதல் சில தாள்களும் இல்லாததால் எந்த வருஷத்துப் பதிப்பு என்று தெரியவில்லை. அதில் உள்ள புலூட் தாய் தாய் (வெள்ளையும் நீலமும் கலந்து அழுத்தி வெட்டும் ஒட்டரிசிப் பலகாரம்) குறிப்பு இது:

புலூட் அரிசி (ஒட்டரிசி) 1 கட்டி, தேங்காய் 1, சங்குப்பூ ஒரு கைப்பிடி, அசாம் கெப்பிங் (காயவைத்த புளிப்புப் பழத் துண்டு) 2 துண்டு, உப்பு. தொட்டுக்கொள்ளும் காயாவுக்கு (முட்டை, தேங்காய்ப்பால் ஜாம்) முட்டை 10, சீனி 1 கட்டி, தேங்காய் 1, பாண்டான் இலை 3.

கட்டி என்ற பழைய எடையை அரைக் கிலோ என்று வைத்துக்கொண்டு, சீனியை மட்டும் 300 கிராமாகக் குறைத்துச் செய்து பார்த்தாயிற்று. அரிசி நீலமாக வராமல் வெளிறிய ஊதாவாக வந்தது, அங்கங்கே வெள்ளைப் புள்ளி வேறு. காயா திரிந்து முட்டைப் பொரியல் மாதிரி ஆகிவிட்டது, பச்சை நிறமும் இல்லை. இத்தனைக்கும் தட்டில் நீலமும் பச்சையும் சேர்ந்து நிற்பதுதான் இந்தப் பலகாரத்தின் அழகே.

எங்கே தவறு? இன்னொன்று, புத்தகத்தின் நடுத்தாள்களில் பூச்சி அரித்த ஓட்டைகள் தெரிகின்றன. அதற்கும் வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

செந்தூல் அளவைக்காரர் (கோலாலம்பூர்)

வணக்கம் சகோதரி. முதலில் அளவு. கட்டி என்பது அரைக் கிலோ இல்லை. 1 கட்டி 16 தாஹில், அதாவது 604.8 கிராம். 1 தாஹில் 37.8 கிராம். சமையலுக்குக் கட்டியை 600 என்றும் தாஹிலை 38 என்றும் வைத்துக்கொண்டால் போதும். 5 தாஹில் மாவு என்று வந்தால் 190 கிராம், 10 தாஹில் என்றால் 380.

பதிப்பு வருஷம் தெரியாவிட்டாலும் எழுத்துக்கூட்டலைப் பார்த்தே ஓரளவு கண்டுபிடிக்கலாம். மலேசியாவில் புதிய ரூமி எழுத்துக்கூட்டல் 1972 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அச்சானவற்றில் சாவான், காச்சாங் போன்ற சொற்களில் ‘சி’யும் ‘எச்’சும் சேர்ந்து இரண்டெழுத்தாக இருக்கும். இன்றைக்கு ‘சி’ மட்டும்தான். எடை, அளவைச் சட்டமும் அதே 1972இல் வந்தது. அதன் பிறகுதான் கிராமும் லிட்டரும் கொஞ்சம் கொஞ்சமாகக் கடைத்தெருவுக்கு வந்தன. உங்கள் புத்தகத்தில் அந்த இரண்டெழுத்து இருந்தால் எல்லா அளவையும் பழைய கணக்காகவே எடுங்கள்.

கந்தாங், சுப்பாக் என்று வந்தால் அது எடை இல்லை, கொள்ளளவு. 1 கந்தாங் 4 சுப்பாக். 1 கந்தாங் ஒரு பிரிட்டிஷ் காலன், அதாவது 4.5 லிட்டரும் கொஞ்சமும். சாவான் என்பது மட்டும் கொஞ்சம் சிக்கல். அது வீட்டிலிருந்த தேநீர்க் கோப்பை, இப்போதைய 250 மில்லி அளவைக் கோப்பை அல்ல. அப்படிப்பட்ட குறிப்பில் எல்லாவற்றையும் ஒரே கோப்பையால் அளந்துவிடுங்கள், விகிதம் மாறாது.

‘தேங்காய் 1’ என்றால் துருவிப் பிழிந்த முதல் பால், தண்ணீர் விடாமல். காய்க்குக் காய் மாறும் என்றாலும் 150 முதல் 200 மில்லிக்குள் வரும். பெட்டிப் பாலில் 200 மில்லி எடுத்தால் சரியாக இருக்கும். முட்டையையும் எண்ணிப் போடாமல் நிறுத்துப் போடுங்கள். கடையில் வாங்கும் பி ரக முட்டை ஓட்டோடு 60 முதல் 65 கிராம். ஓடு போக 10 முட்டை 550 கிராம் சுமாருக்கு வரும். அதற்கு 600 கிராம் சீனி கேட்கும் குறிப்பில் நீங்கள் பாதியைத்தான் போட்டிருக்கிறீர்கள். காயா திரிந்ததற்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது. காயா தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்வார்கள்.

---

காக்கணங்கொடி (பட்டர்வொர்த்)

நீலத்துக்கு நான் சொல்கிறேன்மா.

ஊதாவாக மாறியது அசாம் கெப்பிங்கால். சங்குப்பூச் சாயம் புளிப்பு பட்டால் ஊதாவாகும், இன்னும் புளித்தால் சிவக்கும். காரம் பட்டால் பச்சைக்குப் போகும். நடுவில் இருந்தால்தான் நீலம். பூ ஊறிய தண்ணீரை மூன்று கிண்ணத்தில் ஊற்றி, ஒன்றில் 2 சொட்டு எலுமிச்சை, ஒன்றில் ஒரு சிட்டிகை ஆப்பசோடா போட்டுப் பாருங்கள், கண்ணெதிரே மாறும். புத்தகத்தில் உள்ள 2 துண்டு முழு அரிசிக்கும் சேர்த்துச் சொன்னது. வெள்ளைப் பங்கில் ஒரு துண்டு போடுங்கள், சோறு பளிச்சென்று இருக்கும். நீலப் பங்கில் வேண்டாம்.

வெளிறியதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்: அரிசியை முதலில் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்துவிட்டுப் பிறகு நீலத் தண்ணீரில் போடுவது. ஏற்கெனவே குடித்து முடித்த அரிசி இரண்டாவது தண்ணீரை எங்கே குடிக்கும்? உலர்ந்த அரிசியைக் களைந்து, வடித்து, நேரே நீலத்தில் போட வேண்டும்.

600 கிராமில் 400 வெள்ளைக்கு, 200 நீலத்துக்கு. இந்த 200க்குப் புதுப்பூ 40 வேண்டும், காய்ந்த பூவென்றால் 5 கிராம். ஒரு கைப்பிடி என்று எழுதியவர் வேலியில் பறித்த புதுப்பூவைத்தான் சொல்லியிருப்பார். காம்படியில் உள்ள பச்சைப் புல்லியைக் கிள்ளி எறியுங்கள். அது இருந்தால் தழை வாடை அடிக்கும், நீலமும் பாசிபிடித்த மாதிரி தெரியும். 300 மில்லி கொதிநீரை ஊற்றிக் கால் மணி நேரம் மூடி வையுங்கள். பூவைத் துணியில் கட்டிப் பிழியுங்கள். தண்ணீர் ஆறிய பிறகு அரிசியைப் போட்டுக் குறைந்தது 4 மணி நேரம், முடிந்தால் ராத்திரி முழுக்கக் குளிர்பெட்டியில் ஊறட்டும். வடித்த பிறகு மறுபடி அலசக் கூடாது. ஊறிய அரிசி உங்களுக்கு வேண்டியதைவிட இரண்டு மடங்கு கறுத்துத் தெரிய வேண்டும், ஏனென்றால் தேங்காய்ப்பால் சேர்ந்ததும் நிறம் வெளுக்கும்.

வெள்ளைப் புள்ளி, மூடியிலிருந்து சொட்டிய தண்ணீர். மூடியைத் துணியால் சுற்றிக் கட்டுங்கள்.

அவிக்கும்போது வெள்ளையும் நீலமும் தனித்தனித் தட்டில். அரிசியில் விரலால் நாலைந்து குழி போட்டால் ஆவி மேலே ஏறும். 20 நிமிஷம் அவித்து இறக்கி, 200 மில்லி பாலில் 1 தேக்கரண்டி உப்புக் கரைத்து, வெள்ளைக்கு இரண்டு பங்கு, நீலத்துக்கு ஒரு பங்கு ஊற்றிக் கிளறி, மறுபடி 15 நிமிஷம். பால் கூடினால் ருசி கூடும் என்று 300, 350 மில்லி ஊற்றுகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் பலகாரம் இறுகி நிற்காது, வெட்டும்போது சரியும்.

கடைசியில் அழுத்துவது. 20 சென்டிமீட்டர் சதுரத் தட்டில் அனலில் வாட்டிய வாழை இலை விரித்து, சோறு சூடாக இருக்கும்போதே வெள்ளை ஒரு கரண்டி, நீலம் ஒரு கரண்டி என்று மாற்றி மாற்றி வையுங்கள். கிளறிவிட்டால் எல்லாம் ஒரே வெளிர்நீலமாகிவிடும்; பளிங்குக் கல் மாதிரித் திட்டுத் திட்டாக வர வேண்டும் என்றால் கை வைக்காதீர்கள். மேலே இலை, அதன்மேல் பலகை, அதன்மேல் அம்மிக் குழவி மாதிரி 3, 4 கிலோ பாரம். 4 மணி நேரம் போதும். எண்ணெய் தடவிய கத்தியால் வெட்டுங்கள். குளிர்பெட்டியில் வைத்தால் கல்லாகிவிடும், நம் ஊர் வெக்கையில் வெளியே விட்டாலோ தேங்காய்ப்பால் ராத்திரிக்குள் ஊசிப்போகும். அன்றைக்குச் செய்ததை அன்றைக்கே சாப்பிட்டுவிட வேண்டிய பலகாரம் இது.

---

பாண்டான் பச்சை (பிரிக்பீல்ட்ஸ்)

காயாவுக்கு வருகிறேன். மேலே அண்ணன் சொன்னது சரி. சீனி இனிப்புக்கு மட்டும் இல்லை. முட்டை எந்தச் சூட்டில் கட்டிப்படும் என்பதை அது தள்ளிப்போடுகிறது. சீனி குறைந்தால் முட்டை சீக்கிரம் உறையும். அந்த முட்டைக்கு 600 தித்திப்பு அதிகம் என்றால் 450 வரை இறங்கலாம், ஆனால் தீயையும் அதற்கேற்ற மாதிரி இறக்க வேண்டும். அதோடு 10 முட்டையில் நாலுக்கு மஞ்சள் கருவை மட்டும் சேருங்கள். வெள்ளைக் கருதான் முதலில் உறைந்து திப்பியாகும்.

முட்டையையும் சீனியையும் நுரை வராமல் கரைத்து, பால் சேர்த்து வடிகட்டுங்கள். கொதிக்கும் தண்ணீர்ச் சட்டியின் மேல் கிண்ணம். கிண்ணத்தின் அடி தண்ணீரைத் தொடக் கூடாது. தண்ணீர் தளதளவென்று கொதிக்காமல் லேசாகக் குமிழ் விட்டால் போதும். முதல் 20 நிமிஷம் கையை எடுக்காமல் கிண்டுங்கள். பிறகு 5 நிமிஷத்துக்கு ஒரு தடவை. ஒரு மணி நேரம் ஆகும். ஓரத்தில் மணல் மணலாகத் தெரிய ஆரம்பித்தால் உடனே இறக்கிக் குளிர்ந்த தண்ணீரில் கிண்ணத்தை வைத்து வேகமாக அடியுங்கள். முழுக்கத் திரிந்துபோனாலும் கொட்டிவிட வேண்டாம், ஆறவிட்டு மிக்சியில் ஒரு சுற்றுச் சுற்றினால் வழவழப்பாகிவிடும்.

பச்சைக்கு 3 இலை காணாது. முடிச்சுப் போட்டு மிதக்கவிட்ட இலை மணம் கொடுக்கும், நிறம் கொடுக்காது. முற்றிய, கரும்பச்சை இலையாக 15 எடுத்து நறுக்கி, 100 மில்லி தண்ணீரில் அரைத்து, துணியில் பிழிந்து, கண்ணாடிக் குவளையில் ஒரு ராத்திரி குளிர்பெட்டியில் அசையாமல் வையுங்கள். மேலே தெளிந்த தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், கசப்பு அதில்தான். அடியில் தங்கிய குழம்பு 2 மேசைக்கரண்டிக்குக் கொஞ்சம் மேலே வரும். அதைக் காயா கெட்டியான பிறகு, கடைசி 10 நிமிஷத்தில் சேருங்கள். ஆரம்பத்திலேயே போட்டு ஒரு மணி நேரம் சூட்டில் வைத்தால் பச்சை பழுத்து ஒலிவ நிறமாகும். பழுப்புக் காயா என்பது வேறு வகை. ஹைனான் பாணியில் சீனியைக் கருக்கிச் சேர்ப்பார்கள். இரண்டையும் கலந்து செய்தால் நிறம் சேறாகிவிடும்.

---

ஜெலுத்தோங் வாசகி

மிக்க நன்றி! அந்த இரண்டெழுத்து எல்லாப் பக்கத்திலும் இருக்கிறது, ஆக 1972க்கு முந்தையது. இன்னும் ஒரு சந்தேகம் அக்கா. சங்குப்பூத் தண்ணீரை இட்லி மாவில் ஊற்றினால் ஊதாவாகிறது, ஆப்ப மாவில் ஊற்றினால் பச்சை கலந்த சாம்பலாகிறது. இரண்டுமே அரிசி மாவுதானே?

---

காக்கணங்கொடி

இட்லி மாவு புளித்தது, அதனால் ஊதா. அதில் நீலம் வரவே வராது, ஊதாவையே ரசியுங்கள். ஆப்ப மாவில் கடைசியாகப் போடும் சோடாதான் பச்சைக்குத் தள்ளுகிறது. நீலப் பலகாரம் வேண்டுமென்றால் புளிக்காத, சோடா போடாத மாவில் செய்யுங்கள்: இடியாப்பம், கொழுக்கட்டை, புட்டு. வறுத்த அரிசி மாவு 250 கிராமுக்கு 350 மில்லி நீலத் தண்ணீரைக் கொதிக்கவைத்து உப்போடு ஊற்றிப் பிசைந்தால் இடியாப்பம் நல்ல நீலமாக வரும். அச்சில் முன்பு முறுக்குப் பிழிந்த மஞ்சள் ஒட்டியிருந்தால் மட்டும் பச்சைக் கோடு விழும், நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள்.

மஞ்சளும் இதே குணம்தான். ஆலத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவக்கிறதே, அது போலத்தான் மஞ்சள் போட்ட மாவில் சோடா கூடினால் செம்பழுப்பு அடிக்கும். பீட்ரூட்டுக்குச் சூடுதான் எதிரி. புட்டு மாவில் பிசிறினால் 7 நிமிஷத்துக்குமேல் அவிக்காதீர்கள், பழுத்துவிடும்.

---

செந்தூல் அளவைக்காரர்

பூச்சிக் கேள்வி விட்டுப்போனது. ஓட்டையில் மாவு மாதிரி உதிர்ந்தால் உள்ளே பூச்சி இன்னும் உயிரோடு இருக்கலாம். புத்தகத்தைக் காற்று போகாத பிளாஸ்டிக் பையில் இரண்டு சுற்றாகக் கட்டி, உறைபெட்டியில் மைனஸ் 18 டிகிரி செல்சியஸிலோ அதற்குக் கீழோ இரண்டு வாரம் வையுங்கள். எடுத்த பிறகு ஒரு நாள் முழுக்கப் பையைப் பிரிக்காதீர்கள். உடனே பிரித்தால் தாளில் ஈரம் பூக்கும். பிறகு மெல்லிய தூரிகையால் ஒவ்வொரு தாளையும் தட்டிவிடுங்கள். ராமபாணப் பூச்சிக்கு ஈரமும் பசையும் பிடிக்கும், அதனால் அடுக்களை அலமாரியில் மட்டும் வைக்க வேண்டாம். வெயிலில் காயவைப்பதும் வேண்டாம், தாள் மஞ்சளித்து நொறுங்கும். சமைக்கும்போது அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொண்டு, புத்தகத்தை வேறு அறையில் விட்டுவிடுங்கள்.