பாலியெஸ்டர் இழையில் முதலில் வருவது கழுத்தா, படிகமா? உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. முதுகலை ப்ராஜெக்டுக்காக, அதிவேக உருகு நூற்பில் (உருகிய பாலிமரை நுண்துளைகள் வழியே வேகமாக இழுத்து நூலாக்குவது) பாலியெஸ்டர் இழையின் உள்ளமைப்பு எப்படி உருவாகிறது என்று படித்து வருகிறேன். ஒரு இடத்தில் சிக்கி நிற்கிறேன்.

நிமிடத்துக்கு 3,200 மீட்டரில் எடுத்த பிஓஒய் நூல் (POY, பாதி மட்டும் திசைப்படுத்திய நூல்) புரிகிறது. மூலக்கூறுச் சங்கிலிகள் ஓரளவு இழையின் நீளவாக்கில் திரும்பியிருக்கும், படிகம் (சங்கிலிகள் ஒழுங்காக அடுக்கிய பகுதி) அநேகமாக இருக்காது. கொதிநீரில் போட்டால் நன்றாகச் சுருங்கும். 5,000-ஐத் தாண்டினால் நிலைமையே வேறு. இழுவிசை சங்கிலிகளை நேராக்குவதால் படிகமாதல் பல மடங்கு வேகமெடுத்து, ஸ்பின்னரெட்டுக்கு (நுண்துளைத் தட்டுக்கு) கீழே ஓடும்போதே முடிந்துவிடுகிறது. சுருக்கமும் சட்டென்று குறைகிறது. அதே பகுதியில்தான் இழை திடீரென மெலிந்து கழுத்து விழுகிறது.

கழுத்து விழுவதால் படிகம் வருகிறதா, அல்லது படிகம் தொடங்கி இழை இறுகுவதால் மெலிவது அங்கே நிற்கிறதா? ஓடும் இழையில் விட்டமும் வெப்பநிலையும் அளந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

அப்புறம் இன்னொன்று. அடர்த்தியிலிருந்து படிக அளவைக் கணக்கிட 1.335 (படிகமற்ற பகுதி), 1.455 (முழுப் படிகம்) கி/செ.மீ³ என்ற வழக்கமான எண்களையே எடுத்திருக்கிறேன். நன்றாகத் திரும்பிய படிகமற்ற பகுதி 1.335-ஐவிட அடர்த்தியாக இருக்குமே, அதிவேக நூலுக்கு இந்தக் கணக்கு சரிவருமா? படிக அளவை வேறு வழியில் சரிபார்க்க எக்ஸ்ரே வசதி எங்கள் கல்லூரியில் இல்லை, அதனால்தான் கேட்கிறேன்.