பிராசஸர் மாத்தினா பேஸ் பிரச்சனை தீருமா?

மூணாவதுசீட்:
வீட்டுல ஹோம் தியேட்டர், 5.1.4 செட்டப் (சுத்தி 5 ஸ்பீக்கர், பேஸுக்கு 1 சப்வூஃபர், மேல 4), பழைய ரிசீவர் (எல்லா ஸ்பீக்கரையும் ஓட்டுற ஆம்ப் பெட்டி). அறை 5.2 மீட்டர் நீளம். சோபா நட்டநடுவுல, ஒரே ஒரு சப், டிவிக்குப் பக்கத்துல. ஆட்டோ கேலிப்ரேஷன் (மைக் வெச்சு அறையை அளந்து ரிசீவரே சவுண்டைத் திருத்துற கரெக்‌ஷன்) ஓட்டினா இடி, வெடி எதுலயும் கனம் இல்ல. வசனமும் போர்வைக்குள்ள இருந்து பேசுற மாதிரி கேக்குது. கரெக்‌ஷனை ஆஃப் பண்ணா வசனம் பளிச்சுனு வருது, ஆனா பேஸ் ஒரே கும்மு கும்மு. டிராக் லைவ்ங்கிற வேற கரெக்‌ஷன் மென்பொருள் இருக்கிற தனி பிராசஸர் வாங்கலாம்னு இருக்கேன். சரிதானே?

பாப்கார்ன்பாண்டி:
கண்ணை மூடிட்டு வாங்குங்க ப்ரோ. நான் மாறினதுல இருந்து பழசைத் திரும்பிக்கூடப் பாக்கல.

அடித்தட்டு:
பாண்டி, அவர் உக்காந்திருக்கிற இடத்தைக் கவனிச்சீங்களா?

5.2 மீட்டர் நீளத்துக்கு முதல் ரூம் மோட் (சுவருக்குச் சுவர் மோதி ஒரு அலைவரிசை அறைக்குள்ள தேங்கி நிக்கிறது) 33 ஹெர்ட்ஸ்ல விழும், ரெண்டாவது 66ல. அறையோட நடுவுல 33 கிட்டத்தட்ட செத்துடும், 66 உச்சத்துல நிக்கும். ஆஃப்ல நீங்க கேக்குற கும்மு அந்த 66தான். கரெக்‌ஷன் அதை வெட்டுது. வெட்டினதும் கீழ இருக்கிற பள்ளம் வெளிய தெரியுது, கனம் போச்சு. அந்தப் பள்ளத்தை ஈக்யூ (ஈக்வலைசர்) போட்டு நிரப்பவும் முடியாது. சத்தத்தை ஏத்த ஏத்த, அதை அடிக்கிற எதிரொலியும் கூடவே ஏறும். 10 டெசிபெல் ஏத்த ஆம்ப் 10 மடங்கு பவர் தரணும், அவ்வளவும் வீண். எவ்வளவு விலை உசந்த பிராசஸர் வந்தாலும் இதே கதைதான்.

சோபாவைப் பின்னால தள்ளுங்க. முன்சுவர்ல இருந்து நீளத்துல மூணுல ரெண்டு பங்கு, அதாவது 3.5 மீட்டர் பக்கம் உங்க தலை வரட்டும். அப்புறம் மறுபடி அளங்க. மைக் ஸ்டாண்டுல நிக்கணும், சோபா முதுகுல சாய்ச்சு வெக்காதீங்க.

வசனத்துக்கு: உங்க ரிசீவர்ல இருக்கிற கேலிப்ரேஷன் ஆடிஸி கம்பெனியோடதுன்னா 2 கிலோஹெர்ட்ஸ் பக்கம் வேணும்னே ஒரு சின்னப் பள்ளம் வெச்சிருப்பாங்க. மிட்ரேஞ்ச் காம்பன்சேஷன்னு பேரு. உங்க மாடலுக்கு மொபைல் ஆப் சப்போர்ட் இருந்தா அதுல ஆஃப் பண்ணிடலாம். கரெக்‌ஷனையும் 300 ஹெர்ட்ஸுக்கு மேல போகாம நிறுத்திடுங்க; அதுக்கு மேல நல்ல ஸ்பீக்கரை நோண்டாம விடுறதுதான் என் கட்சி. ஒண்ணு மட்டும் கவனம்: கேலிப்ரேஷனையே ஆப் வழியா ஓட்டணும். ரிசீவர் மெனுவுல ஓட்டினதை ஆப் திருத்த விடாது.

மூணாவதுசீட்:
ஆடிஸிதான். சோபாவை நகர்த்திட்டு ஆப்லயே ஓட்டினேன். இடி இறங்குது! 66ல கும்மும் பாதியாச்சு. வசனத்துல இப்ப குறையே இல்ல. அப்போ டிராக் வேண்டாமா?

அடித்தட்டு:
ஆசை இருந்தா வாங்குங்க, தப்பில்ல. ஆனா லைசென்ஸைப் பாத்து வாங்குங்க. சில மாடல்ல 500 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் தருவாங்க, பல சப்பைச் சேர்த்துச் சீராக்குற பேஸ் கன்ட்ரோலுக்குத் தனி லைசென்ஸ். என்னைக் கேட்டா முதல்ல ரெண்டாவது சப். பின்சுவர் நடுவுல வெச்சுப் பாருங்க.

மூணாவதுசீட்:
சரி சார். யூமிக்-1 மைக் வாங்கி, ஆர்இடபிள்யூங்கிற அளக்குற மென்பொருள்ல பாக்கப் போறேன். மைக் டிவியைப் பாக்கணுமா, மேலயா?

அடித்தட்டு:
எல்லாச் சேனலும் அளக்கிறதால மேல. மைக்கோட 90 டிகிரி கேலிப்ரேஷன் ஃபைலை (மேல பாக்குற மைக்குக்கான திருத்த அளவு) ஏத்துங்க.