வில்லனுக்கும் ஹீரோவுக்கும் முன்பகை தேவையா?

திரைக்கதைக் கிறுக்கன்:
சூப்பர் ஹீரோ படங்களில் வில்லனை ஹீரோவின் சொந்தக் கதையோடு முடிச்சுப் போடுவது பெரும்பாலும் படத்தைக் கெடுக்கிறது. ‘ஸ்பைடர்மேன் 3’ (2007) பாருங்கள். 2002இல் வந்த முதல் படத்தில், ஸ்பைடர்மேனான பீட்டர் வேண்டுமென்றே தப்பவிட்ட திருடனால்தான் அவனை வளர்த்த அங்கிள் பென் சாகிறார். அந்தக் குற்ற உணர்ச்சிதான் முகமூடிக்கே காரணம். மூன்றாம் படத்தில் போலீஸ் அதிகாரி கேப்டன் ஸ்டேசி கூப்பிட்டு, சுட்டவன் ஃப்ளின்ட் மார்கோ என்கிறார். அஸ்திவாரத்தையே பெயர்த்துவிட்டார்கள். நோயாளி மகளுக்காகத் திருடுகிறவன் மார்கோ. அவனுக்கு அந்தக் கதையே போதும்.

மணல்மேடு:
கடைசிக் காட்சியை விட்டுவிட்டீர்களே. பீட்டர் தப்பவிட்ட அதே திருடன் பணத்தோடு ஓடிவரும்போதுதான் மார்கோவின் துப்பாக்கி வெடிக்கிறது. பீட்டர் அவனை மடக்கியிருந்தால் பென் பிழைத்திருப்பார். குற்றம் எங்கும் போய்விடவில்லை. பீட்டரின் கோபத்தைத் தூண்டிவிடும் அந்தக் கறுப்பு உடைக்கும் தீனி வேண்டுமே! மணல் மனிதனாக மாறிய மார்கோ யாரோ ஒருவனாக இருந்தால், சுரங்கத்தில் அவனைத் தண்ணீரில் கரைத்துச் சேறாக்கும் வெறி எங்கிருந்து வரும்?

திரைக்கதைக் கிறுக்கன்:
முதல் பாயிண்ட் சரி, ஏற்கிறேன். ஆனால் அது தெரிவதற்குள் படமே முடிந்துவிடுகிறதே. அதுவரை பார்வையாளன் பீட்டரை நிரபராதியாக நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். தீனிக்கும் அங்கே பஞ்சமில்லை. நண்பன் ஹாரிக்கு அப்பா செத்த பகை. போலிப் புகைப்படத்தை பீட்டர் அம்பலப்படுத்தியதால் வேலை போன பகை புகைப்படக்காரன் எடி ப்ராக்குக்கு. போதாததற்கு மார்கோ. மூன்று பேருக்கும் ஒரே ஆளோடு சொந்தக் கணக்கு என்றால் நியூயார்க் ஒரே தெருவாகச் சுருங்கிவிடுகிறது.

எடிட் மேஜை:
உறவை வெட்டி எடுத்துப் பாருங்கள், கதை நடக்கிறதா என்று. ‘பிளாக் பாந்தர்’ (2018) நடக்காது. வில்லன் கில்மாங்கர் அரச ரத்தம் என்பதால்தான் அரியணைக்குச் சவால் விடும் உரிமையே அவனுக்குக் கிடைக்கிறது. 1992இல் ஓக்லாந்தில் ஹீரோ டி'சல்லாவின் அப்பா டி'சாகா தன் தம்பியைக் கொன்றுவிட்டு, தம்பி மகனான கில்மாங்கரை அங்கேயே விட்டு வந்தார். அதனால் டி'சல்லா சண்டையில் ஜெயித்தால் மட்டும் போதாது. அப்பா செய்தது தப்பு என்று அவர் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியிருக்கிறது.

மணல்மேடு:
‘ஸ்பைடர்மேன்: ஹோம்கமிங்’ (2017) படத்தையும் சேருங்கள். பீட்டருக்குப் பிடித்த பெண் லிஸ்ஸின் வீட்டுக் கதவைத் திறப்பது வில்லன் டூம்ஸ், அவள் அப்பா. அடுத்து வரும் கார் காட்சியில் ஒரு அடி விழவில்லை, ஆனால் படத்திலேயே அதிகம் பயமுறுத்துவது அதுதான்.

திரைக்கதைக் கிறுக்கன்:
அது வேறு சாதி. அங்கே பழைய கொலை எதையும் தோண்டவில்லை. உறவு நம் கண்முன்னே உருவாகிறது. தொடக்கத்தில் டூம்ஸ் கையில் ஒரு குழந்தை வரைந்த அவெஞ்சர்ஸ் படத்தைக் காட்டுவதோடு துப்பை நிறுத்திக்கொள்கிறார்கள். ‘டார்க் நைட்’ (2008) ஜோக்கருக்கு பேட்மேனான ப்ரூஸோடு எந்த முன்கதையும் கிடையாது. தன் தழும்புக்கே இரண்டு கதை சொல்கிறவன் அவன். ப்ரூஸ் நேசிக்கும் ரேச்சலையும், அவர் நம்பிய அரசு வக்கீல் ஹார்வியையும் தொட்ட பிறகுதான் பகை சொந்தமாகிறது.

1989 ‘பேட்மேன்’ எதிர் உதாரணம். காமிக்ஸில் ப்ரூஸின் பெற்றோரைக் கொன்றவன் ஜோ சில் என்ற சில்லறைத் திருடன். 1948இல்தான் அவனுக்குப் பெயரே வைத்தார்கள். படமோ அந்தப் பழியை ஜோக்கர் தலையில் கட்டி, கடைசியில் அவனைச் சாகடித்தும் விட்டது. காயமும் ஆறியது, வில்லனும் போனான். பிறகு 1992 படத்தில் ப்ரூஸ் எதற்காக முகமூடி போடுகிறார்?

எடிட் மேஜை:
அவர் ஊரான கோதம் வௌவால் சின்ன விளக்கடித்துக் கூப்பிடுகிறது, அதற்காக. முதல் படத்தின் கடைசி ஷாட்டே அதுதான்.