வாட்ஸ்அப் வாக்கெடுப்பை வைத்துத் தொகுதி முடிவைச் சொல்ல முடியுமா?

ஆலமரத்தடி:
எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் "இந்த முறை உங்கள் ஓட்டு யாருக்கு?" என்று வாக்கெடுப்பு வைத்தார்கள். நூறு பேருக்கு மேல் பதில் போட்டிருக்கிறார்கள், முக்கால்வாசி ஒரே கட்சிக்கு. டீக்கடையிலும் அதே பேச்சுதான். இதை எவ்வளவு தூரம் நம்பலாம்?

கணக்கு வாத்தியார்:
நம்பாதீர்கள். குழுவில் பதில் போடாதவர்கள் யார் யார் என்று முதலில் பாருங்கள். ஓடிவந்து அமுக்குகிறவர் பெரும்பாலும் கட்சிப் பற்று உள்ளவர்; ஸ்மார்ட்போன் இல்லாத பாட்டி, நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள், எந்தப் பக்கம் என்று காட்டிக்கொள்ளாத கடைக்காரர் எல்லாம் அதில் கிடையாது, ஆனால் பூத்தில் வரிசையில் நிற்பார்கள். ஆள் கூடினால் சரியாகிவிடும் என்றும் இல்லை. 1936இல் அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை ஏறக்குறைய ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பி, 20 லட்சத்துக்கு மேல் பதில் வாங்கி, ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன்தான் ஜெயிப்பார் என்றது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ அள்ளினார். முகவரி எடுத்தது டெலிபோன் புத்தகத்திலும் கார் வைத்திருப்போர் பட்டியலிலும். வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய காலத்தில் அந்தப் பட்டியலில் ஏழைகள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அதே தேர்தலில் கருத்துக்கணிப்பு நடத்தும் காலப் நிறுவனம் அதைவிட மிகக் குறைந்த பேரைக் கேட்டு ரூஸ்வெல்ட் என்று சரியாகச் சொன்னது.

நெல்லைச் சீமை:
சதவீதம் சரியாக வந்தாலும் யாருக்கு எத்தனை தொகுதி என்ற கணக்கு தப்பலாம், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2016 சட்டமன்றத் தேர்தலில் பல எக்ஸிட் போல்கள் திமுக என்றன. வந்தது அதிமுக, அப்போது வாக்குப்பதிவு நடந்த 232 தொகுதியில் 134. ஆனால் அதிமுகவுக்கும் திமுக கூட்டணிக்கும் ஓட்டில் வித்தியாசம் சுமார் ஒரு சதவீதம்தான். எங்கள் பக்கம் ராதாபுரத்தில் 49 ஓட்டில் முடிவானது! குலுக்கல் முறையில் ஒழுங்காக ஆயிரம் பேரைப் பிடித்தாலே மூன்று சதவீதம் முன்னே பின்னே போகும், நூறு பேர் என்றால் பத்து. இழுபறித் தொகுதியில் அதை வைத்து என்ன சொல்ல முடியும்?

களப்பணி:
நான் சர்வேக்குப் போனவள். கதவைத் தட்டினால் பெரும்பாலும் வீட்டுக்காரர்தான் முன்னால் வந்து பேசுவார். வீட்டு அம்மாவைக் கேட்டால் கணவர் முகத்தைப் பார்த்துவிட்டு "அவங்க சொல்றதுதான்" என்பார். அதே அம்மாவைத் தண்ணீர்க் குழாயடியில் தனியாகக் கேட்டபோது வேறு சின்னம் சொன்னதும் உண்டு. அதனால்தான் சில குழுக்கள் மாதிரி வாக்குச்சீட்டைக் கையில் கொடுத்து, மடித்துப் பெட்டியில் போடச் சொல்கிறார்கள். உங்கள் குழுவில் யார் எதற்குப் போட்டார் என்று பெயரோடு தெரியும், ஊர்ப் பெரியவர்களும் உள்ளே இருப்பார்கள். மாற்றுக் கருத்து உள்ளவர் எதற்கு வம்பு என்று சும்மா இருந்துவிடுவார்.

ஆலமரத்தடி:
சரி, பெயர் தெரிகிற விஷயத்தை நான் யோசிக்கவே இல்லை. அப்போ வேறு எதைப் பார்ப்பது?

கணக்கு வாத்தியார்:
தலைமைத் தேர்தல் அதிகாரி தளத்தில் போன தேர்தலின் படிவம் 20 இருக்கும், உங்கள் தொகுதிக்குப் பூத் வாரியாக ஓட்டு வரும். குழுவில் இருப்பவர்கள் எந்தெந்தப் பூத் என்று அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று தெருவைத் தாண்டாது என்றுதான் நினைக்கிறேன்.