தனுஷ்கோடி கங்கணம்: 1,400 படங்களில் எதை எடுத்து வைப்பது?

2010 ஜனவரி 15 கங்கண சூரிய கிரகணத்தை, அதாவது நிலவைச் சுற்றிச் சூரியன் வளையமாகத் தெரியும் கிரகணத்தை, தனுஷ்கோடியில் பார்த்தவர்கள் இங்கே சிலராவது இருப்பீர்கள். அன்று எடுத்த டைம்லாப்ஸிலிருந்து (சீரான இடைவெளியில் எடுத்து வீடியோவாகக் கோக்கும் படங்கள்) சுவரில் மாட்ட ஆறேழு படங்களைப் பிரித்தெடுத்த அனுபவத்தை எழுதுகிறேன். அதில் பாதி, கடற்கரையில் பாசிமாலை விற்கும் ஒரு அக்கா சொல்லித்தான் எனக்குப் புரிந்தது.

அன்று தை அமாவாசை. அக்னி தீர்த்தத்தில் கால் வைக்க இடமில்லை. தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனைக்கு அப்போது தார்ச்சாலை கிடையாது. வேனில் ஏறி மணலிலும் தண்ணீரிலும் குலுங்கிக் குலுங்கித்தான் போக வேண்டும். இடிந்த தேவாலயத்துக்குப் பக்கத்தில் கீற்றுக் கொட்டகை போட்டுச் சங்கும் பாசியும் விற்றுக்கொண்டிருந்த அக்கா, "வெயில்ல ஏன் தம்பி நிக்கிறீக, பெட்டிய உள்ள வையுங்க" என்றார். கொட்டகை வாசலிலேயே ட்ரைபாடை ஊன்றினேன். 300 மி.மீ. லென்ஸ், அதன் முன்னால் சூரிய ஒளியைக் குறைக்கும் சோலார் ஃபில்ம். (கங்கணத்தில் வளையம் நிற்கும்போதுகூட ஃபில்மைக் கழற்றக் கூடாது. முழு கிரகணம் வேறு, இது வேறு.) பத்து விநாடிக்கு ஒரு படம். ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் 1,400 படங்கள். எங்களுக்கு வளையம் மட்டுமே பத்து நிமிடம் நின்றது. இந்தியப் பெருங்கடலில் ஓரிடத்தில் அது 11 நிமிடம் 8 விநாடி நீடித்தது. இந்த ஆயிரமாண்டின் மிக நீண்ட கங்கணம் அதுதான்.

விநாடிக்கு 25 ஃப்ரேம் என்று கோத்ததும் 56 விநாடி வீடியோ கிடைத்தது. அதை வி.எல்.சி. ப்ளேயரில் போட்டு, கீபோர்டில் 'E' பட்டனைத் தட்டித் தட்டி ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்தி, பிடித்ததையெல்லாம் ஸ்நாப்ஷாட் எடுத்தேன். திரையில் நன்றாகத்தான் இருந்தது. பிரிண்ட் போட்டதும் பிறையின் கூர்முனைகள் மழுங்கிப்போய், ஓரமெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. முழு ஹெச்.டி. ஃப்ரேம் என்பது 1920-க்கு 1080, இரண்டு மெகாபிக்சல்தான். அதிலும் வீடியோவைச் சுருக்கும்போது சில ஃப்ரேம்கள் மட்டுமே முழுப் படமாகப் பதியும்; இடையில் வருபவை பக்கத்து ஃப்ரேமிலிருந்து என்ன மாறியது என்ற கணக்கு மட்டும். அதனால் வீடியோவை ஓட்டி எந்த இடம் என்று குறித்துக்கொள்ளுங்கள், படத்தை ராவ் ஃபைலிலிருந்து (கேமரா பதிந்த மூலப் படம்) எடுங்கள். வீடியோவில் 30ஆவது விநாடி என்றால் 750ஆவது ஃபைல், அவ்வளவுதான்.

அப்புறம், ஆடிய படங்களைக் கழித்தல். சூரியன் தன் விட்டம் அளவு நகர இரண்டு நிமிடம் போதும். அந்த லென்ஸில் கால் மணி நேரத்துக்குள் படத்தைவிட்டே வெளியேறிவிடும். அதனால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கேமராவைத் திருப்பி வைத்தேன். ஒவ்வொரு முறையும் அடுத்த இரண்டு மூன்று படங்கள் ஆடியிருந்தன. சின்னதாகப் பார்த்தால் தெரியாது. பெரிதாக்கிப் பிறையின் முனையைப் பார்த்தால்தான் தெரியும்.

முழு வளையம் அறுபது படங்களில் இருந்தது, எல்லாம் ஒரே மாதிரி. நடு நேரத்தில் ஒன்றை வைத்துக்கொண்டு மீதியை விட்டேன். எனக்கு உயிரான படம் அதுவல்ல. வளையம் கூடும் கணத்தில் நிலவின் மலை விளிம்பு தடுப்பதால் ஒளி அறுந்த நூல்போலத் துண்டு துண்டாக நிற்கும். சில விநாடிகள்தான். பத்து விநாடி இடைவெளியில் அது ஒரே ஒரு படத்தில் விழுந்தது. அந்த நேரத்துக்கு மட்டும் விநாடிக்கு ஒன்று என்று வைத்திருக்க வேண்டும்.

அந்த வருடம் ஆடி அமாவாசைக்குப் போனபோது பிரிண்டுகளை அக்காவிடம் காட்டினேன். பிறைப் படத்தைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, இது தலகீழா இருக்கே. கொம்பு அந்தப் பக்கமில்ல இருந்துச்சு" என்றார். இல்லக்கா, சரியாகத்தான் இருக்கிறது என்றேன். "நான் வானத்த எங்க பாத்தேன்? எல்லாம் தரையிலதான் பாத்தேன்."

கீற்று ஓட்டைகள்! ஒவ்வொரு ஓட்டையும் ஓர் ஊசித்துளைக் கேமரா. மேல் கீழாக, இடம் வலமாக மாற்றித்தான் விழும். நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் அந்தச் சங்குகள் மேலும் மணல் மேலும் நூற்றுக்கணக்கில் பிறைகள், பிறகு வளையங்கள் கிடந்திருக்கின்றன. ராவ் ஃபைல்களில் அது எப்படி இருக்கும்? ட்ரைபாட் நின்ற இடத்தை ஞாபகத்துக்காகச் சின்ன கேமராவில் ஒன்று எடுத்திருந்தேன். வேண்டாதவை என்று ஒதுக்கியதிலிருந்து தேடி எடுத்தேன். ஓரத்தில், நிழலுக்குள், பதினேழு வளையங்கள். இப்போது வரிசையில் அதுதான் முதல் படம். ஒரு பிரதி அக்காவின் கொட்டகையில் தொங்குகிறது.

*

ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் உள்ள மண்டபம் ஊரிலிருந்து ஒருவர் எழுதிய பதில்:

வீடியோவை அப்படி ஒதுக்க வேண்டாம் அண்ணே. 2020 ஜூன் 21 பகுதிக் கிரகணத்தை நான் வீடியோவாக மட்டும்தான் எடுத்தேன். கச்சான் காற்று வேறு, கேமரா நிற்கவே இல்லை. ஆனால் ஒரு விநாடியில் முப்பது ஃப்ரேம் இருக்கிறதே, அதில் அசையாத ஐந்தாறு கட்டாயம் கிடைக்கும். தரம் குறையும் ஜேபெக்காக இல்லாமல், தரம் குறையாத பிஎன்ஜி படங்களாகப் பிரித்து, தெளிவானவற்றை மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் இரைச்சல் (படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் குறை) குறைந்து விளிம்பு தெளிகிறது. பிறை சின்னதுதான், ஆனாலும் வீட்டில் மாட்டியிருக்கிறேன்.

*

சரிதான் தம்பி, அசையும் கேமராவுக்கு நீங்கள் சொல்வதுதான் வழி. 2031 மே 21 கங்கணம் மதுரை வழியாகப் போகிறது. அன்றைக்கு வளையம் கூடும் நேரத்துக்கு வீடியோ, மற்றதற்கு ராவ் என்று வைத்துக்கொள்ளலாம். இன்னொரு கேமரா கீற்று நிழலில், தரையைப் பார்த்து.