நேபாள மலைக் கிராம நூலகங்களும் எங்கள் ஊரின் பூட்டிய நூலகமும்

கேள்வி: உசிலம்பட்டிப் பெண்

வணக்கம். எங்கள் ஊராட்சியில் தமிழக அரசின் அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் கட்டிய நூலகம் சில ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கிறது. சாவி தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டரிடம் இருக்கிறது. திறந்திருந்த காலத்திலும் வாசலில் ஆண்கள் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்திருந்ததால், பெண்கள் யாரும் உள்ளே போனதில்லை. நேபாளத்தின் இமயமலைக் கிராமங்களில் ஊர்மக்களே நடத்தும் நூலகங்கள் பெண்களுக்குத் துணையாக இருப்பதாகப் படித்தேன். எங்கள் மகளிர் குழு இந்த நூலகத்தை எடுத்து நடத்த முடியுமா?

பதில் 1: மதுரை வாசகர்

சகோதரி, நீங்கள் படித்தது, கிராமங்களில் நூலகம் அமைக்கும் ‘ரீட்’ என்ற தொண்டு அமைப்பின் நூலகங்களைப் பற்றியதாக இருக்கலாம். அதன் முதல் நூலகம் 1991இல், எவரெஸ்ட் சிகரம் இருக்கும் சொலுகும்பு மாவட்டத்தின் ஜுன்பெசி கிராமத்தில் தொடங்கியது. ஊரார் தங்கள் பங்கைத் தந்தால்தான் அங்கே கட்டடம் எழும்பும். அதோடு நூலகச் செலவுக்கு வருமானம் தரும் ஒரு தொழிலையும் சேர்த்தே தொடங்குவார்கள். பெண்களுக்கான எழுத்தறிவு வகுப்பும் சேமிப்புக் குழுவும் நூலகத்துக்குள்ளேயே நடப்பதால், அங்கே வரும் பெண்ணிடம் ‘புத்தகம் படித்து என்ன ஆகப்போகிறது’ என்று வீட்டில் கேட்க முடிவதில்லை. என் பார்வையில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இதைத்தான். கட்டடம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. உங்கள் குழுக் கூட்டத்தை அதற்குள் கொண்டுபோங்கள்.

பதில் 2: ஓய்வுபெற்ற நூலகர்

அம்மா, ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின்படி நடக்கும் கிளை நூலகங்கள் பொது நூலகத் துறையைச் சேர்ந்தவை. உங்கள் ஊர் நூலகம் ஊராட்சியினுடையது. ஆகவே மாவட்ட நூலக அலுவலகத்துக்கு அலையாமல், ஊராட்சித் தலைவரிடம் மனுக் கொடுத்து, கிராம சபையில் தீர்மானமாக நிறைவேற்றக் கேளுங்கள். சாவி குழுவின் பொறுப்பில் இருக்க வேண்டும் என்பது தீர்மானத்திலேயே இடம்பெறட்டும், வாய்ப்பேச்சாக விட்டுவிடாதீர்கள்.

பதில் 3: மேலூர்க் குழுத் தலைவி

அக்கா, நேரத்தை முதலில் பாருங்கள். எங்கள் ஊரில் மாலை ஐந்து மணிக்குத் திறந்தோம். உலை வைக்கும் நேரத்தில் எந்தப் பெண் வருவாள்? பிறகு, பகல் சாப்பாடு முடிந்து பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்புவதற்குள் கிடைக்கும் இரண்டு மணி நேரத்துக்கு மாற்றினோம். முதல் நாள் யாரும் புத்தகத்தைத் தொடவில்லை. ஒரு பெரியம்மா மட்டும் முந்தானையில் முடிந்து வைத்திருந்த வங்கிப் புத்தகத்தை எடுத்து நீட்டி, “இதில் என் பேர் எது?” என்று கேட்டார். விரலை வைத்துக் காட்டினோம். அந்த எழுத்துகளைச் சிலேட்டில் பத்து முறை எழுதிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். அடுத்த நாள் தம் மருமகளையும் அழைத்து வந்தார். அதனால் அலமாரியை நிரப்பும் கவலையை விட்டு, பெண்கள் கையில் இருக்கும் தாள்களிலிருந்தே தொடங்குங்கள்.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. எங்கள் ஊரில் பலர் விடியுமுன் மல்லிகை பறிக்கப் போய்விட்டு, ஒன்பது மணிக்குமேல்தான் வீடு திரும்புகிறார்கள். எனவே பகல் சாப்பாட்டுக்குப் பிறகான அந்த இரண்டு மணி நேரம் எங்களுக்கும் ஒத்துவரும். அக்டோபர் 2 கிராம சபைக்கு மனு எழுதிவிட்டோம். சாவியைப் பற்றியும் தனி வரியாகச் சேர்த்திருக்கிறோம். மின் இணைப்பு இல்லை. பகலில் நடத்துவதால் அதற்காகக் காத்திருக்கப் போவதில்லை.