நம் சர்வரில் மழைக்காலப் பேட்ஜ் வேண்டுமா, வேண்டாமா?

கெடிலக்கரை:
கடலூர், புதுச்சேரி ஆட்களுக்காக நாம் நடத்தும் இந்த மாஸ்டோடான் (ட்விட்டர் போன்றது, ஆனால் தனித்தனி சர்வர்களாக இயங்கி ஒன்றோடொன்று பேசும் சமூக வலைத்தளம்) சர்வரில் ஒரு மாற்றம் கேட்கிறேன். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் முடிவு தெரிந்தால் நல்லது. மழை, வெள்ளம் பற்றி நம்பகமான தகவல் தரும் உறுப்பினர்களுக்கு ப்ரொஃபைலில் ஒரு பேட்ஜ் கொடுக்க வேண்டும்.

2024 ஃபெஞ்சல் புயலை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் புதுச்சேரியில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. அது வடிவதற்குள் சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் திறந்தார்கள். தென்பெண்ணை பெருகி, பெரியகங்கணாங்குப்பம், தாழங்குடா பக்கமெல்லாம் வீட்டுக்குள் வெள்ளம். அந்த இரவில் நம் டைம்லைன் எப்படி இருந்தது? அணை உடைந்துவிட்டது என்று ஒருவர் போட்டார். பாலம் போய்விட்டது என்று இன்னொருவர். 2015 வெள்ளப் படத்தை இன்றைய படம் என்று போட்டவர்களும் உண்டு. நடுவில் ஆல்பேட்டை பக்கமிருந்து ஒருவர், வாசல் படியில் செங்கல் துண்டால் கோடு கிழித்து, தண்ணீர் எந்தக் கோட்டைத் தொட்டிருக்கிறது என்று மணிக்கொரு தரம் படம் எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார். அவர் பதிவைப் பகிர ஆளில்லை. அவர் யார் என்று யாருக்கும் தெரியாது, அதுதான் காரணம். அப்படிப்பட்டவரைச் சட்டென்று அடையாளம் காட்ட ஒரு வழி வேண்டும் என்கிறேன்.

உப்பளம் வாசகி:
அண்ணா, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனாலும் நான் முழுக்க எதிர்க்கிறேன்.

நம்மில் பாதிப் பேர் ட்விட்டரிலிருந்து இங்கே வந்ததே எதனால்? அங்கே 2009இல், கணக்கு உண்மையானவருடையது என்று காட்டும் நீல டிக் ஆரம்பித்தபோது காரணம் நியாயமாகத்தான் இருந்தது. டோனி லா ரூசா என்ற பேஸ்பால் பயிற்சியாளர் பெயரில் போலிக் கணக்கு இருந்தது, அவர் வழக்குப் போட்டார், அதன் பிறகு டிக் வந்தது. கடைசியில் என்ன ஆனது? 2022 நவம்பரில் மாதம் 8 டாலருக்கு விற்றார்கள். காசு கட்டி டிக் வாங்கிய ஒரு போலிக் கணக்கு, எலை லில்லி மருந்து நிறுவனத்தின் பெயரில் இன்சுலின் இனி இலவசம் என்று அறிவித்தது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டு மறுப்பு வெளியிட வேண்டியதாயிற்று. உயிர் காக்கும் மருந்து விஷயத்தில் அந்த டிக் செய்த வேலை இது. வெள்ளத்தில் நம் பேட்ஜ் என்ன செய்யும் என்று யோசியுங்கள்.

கெடிலக்கரை:
அது விற்றதால் வந்த கேடு. நாம் விற்கப்போவதில்லையே.

உப்பளம் வாசகி:
விற்பதற்கு முன்னாலேயே கெட்டுவிட்டது அண்ணா. 2017இல் ட்விட்டரே டிக் கொடுப்பதைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தது. ஆள் இவர்தான் என்று காட்டத்தான் டிக் கொடுத்தோம், மக்கள் அதை எங்கள் சிபாரிசாகவும் பெரிய மனிதர் என்பதற்கான அடையாளமாகவும் எடுத்துக்கொள்கிறார்கள் என்று அவர்களே சொன்னார்கள். பேட்ஜ் எந்த அர்த்தத்தில் கொடுக்கப்பட்டாலும் பார்ப்பவர் கண்ணில் அது அந்தஸ்துதான்.

அப்புறம், யாருக்குப் போகும்? திருத்தமாகத் தமிழ் எழுதுபவர், லேப்டாப் வைத்திருப்பவர், நம் சந்திப்புகளுக்கு வந்து முகம் காட்டுபவர், இவர்களுக்குத்தான். படியில் கோடு கிழித்தவருக்கு அப்போதும் கிடைக்காது. இன்னும் மோசம் என்னவென்றால், பேட்ஜ் இல்லை என்பதாலேயே அவரைத் தள்ளிவிட்டுப் போவார்கள்.

வில்லியனூர் அட்மின்:
சர்வரைப் பார்த்துக்கொள்பவன் என்ற முறையில், எது முடியும் எது முடியாது என்று சொல்லிவிடுகிறேன். அப்புறம் சண்டை போடுங்கள்.

மாஸ்டோடானில் அட்மின் ஒரு ரோல் (உறுப்பினருக்கான பொறுப்பு) உருவாக்கி, அதை ப்ரொஃபைலில் பேட்ஜாகக் காட்டலாம். 2022இல் வந்த 4.0 பதிப்பிலிருந்து ரோல் உருவாக்கும் வசதி இருக்கிறது. ஆனால் அது நம் சர்வருக்குள் மட்டும்தான் தெரியும். வேறு சர்வரிலிருந்து பார்க்கும் சென்னைக்காரருக்கோ துபாயில் இருக்கும் நம் ஊர்க்காரருக்கோ ஒன்றும் தெரியாது. வெள்ள நேரத்தில் பதறிப்போய்த் தேடுகிறவர்கள் அவர்கள்தான்.

இரண்டாவது, பெயருக்குப் பக்கத்தில் எமோஜி. அது எல்லா சர்வரிலும் தெரியும். ஆனால் யார் வேண்டுமானாலும் தன் பெயரில் டிக் எமோஜியை ஒட்டிக்கொள்ளலாம், அதற்கு எந்த மதிப்பும் கிடையாது.

மூன்றாவது, பச்சை இணைப்பு. ப்ரொஃபைலில் ஒரு வலைப்பக்க முகவரி கொடுக்கிறோம். அந்தப் பக்கத்திலிருந்து ப்ரொஃபைலுக்குத் திரும்ப ஒரு இணைப்பு, ரெல்-மீ என்ற குறிப்போடு இருந்தால், அந்த முகவரி பச்சையாக மாறி டிக் விழும். இதை ஒவ்வொரு சர்வரும் தானே போய்ச் சரிபார்க்கிறது, நம் பேச்சை நம்ப வேண்டியதில்லை. இந்தப் பக்கத்தை வைத்திருப்பவரும் இந்தக் கணக்கை வைத்திருப்பவரும் ஒருவரே என்பதுதான் அதற்குப் பொருள். அவர் சொல்வது உண்மையா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பின்தொடர்பவர் எண்ணிக்கையை வைத்துப் புள்ளி கொடுக்கலாம் என்று போன வாரம் ஒருவர் கேட்டிருந்தார். வேண்டவே வேண்டாம். வெளி சர்வரில் இருக்கும் ஒருவருக்கு எத்தனை பேர், எப்போது சேர்ந்தார் என்பதெல்லாம் அந்த சர்வர் சொல்வதைத்தான் நாம் காட்டுகிறோம். சொந்தமாக சர்வர் வைத்திருப்பவன் தனக்குப் பத்து லட்சம் பேர் என்று சொன்னால் அப்படியே தெரியும்.

தாழங்குடா தம்பி:
பச்சை இணைப்பு நல்ல யோசனைதான் அட்மின் அண்ணா. ஆனால் எங்கள் ஊரில் யாருக்கு வெப்சைட் இருக்கிறது? ஆறும் கடலும் சேரும் இடத்தில் இருக்கிறோம், தண்ணீர் ஏறுவதும் இறங்குவதும் முதலில் எங்களுக்குத்தான் தெரியும். முகத்துவாரம் அடைத்திருக்கிறதா திறந்திருக்கிறதா என்று மஞ்சக்குப்பத்தில் உட்கார்ந்து சொல்ல முடியாது. வெப்சைட் இருப்பவருக்குத்தான் டிக் என்றால் வாசகி அக்கா சொல்வதுதான் நடக்கும்.

முத்தியால்பேட்டை ஆசிரியர்:
நல்லவாடு கதையை இளையவர்களுக்கு நினைவுபடுத்துகிறேன். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் புதுச்சேரி கிராமங்களில் அறிவு மையங்கள் நடத்தியது. வீராம்பட்டினம், நல்லவாடு போன்ற மீனவ ஊர்களில் அலை உயரத்தை இணையத்தில் பார்த்து ஒலிபெருக்கியில் மீனவர்களுக்குச் சொல்வார்கள். 2004 டிசம்பர் 26 அன்று, சிங்கப்பூரில் இருந்த நல்லவாடு இளைஞர் ஒருவர் டிவியில் சுனாமிச் செய்தி பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்தார். ஊரார் அறிவு மையத்தைத் திறந்து ஒலிபெருக்கியில் கத்தினார்கள். ஊரே வெளியேறி உயிர் பிழைத்தது.

அந்த இளைஞருக்கு எந்தப் பேட்ஜும் கிடையாது. நம்ம வீட்டுப் பிள்ளை சொல்கிறான் என்று நம்பினார்கள். நம்பிக்கை அப்படித்தான் உருவாகும். படம் ஒட்டி உருவாக்க முடியாது. எனவே நான் வாசகி பக்கம்.

கெடிலக்கரை:
ஐயா, அதே கதைதான் என் பக்கமும் பேசுகிறது. பிள்ளை சொன்னதை வீடு நம்பியது, சரி. ஊர் ஏன் நம்பியது? அந்த ஒலிபெருக்கி தினமும் சரியான அலை உயரம் சொன்ன ஒலிபெருக்கி. அதிலிருந்து வந்தால் உண்மை என்று பழகியிருந்தார்கள். நான் கேட்பது அந்த ஒலிபெருக்கியைத்தான். நம் சர்வரில் இருப்பவர்களுக்கு ஒருவரை ஒருவர் தெரியாது. நல்லவாட்டில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்.

உப்பளம் வாசகி:
ஒலிபெருக்கி பழகியது வருஷக்கணக்கில் சரியாகச் சொன்னதால். தமிழ்நாடு வெதர்மேன் பிரதீப் ஜானை எடுத்துக்கொள்ளுங்கள். வானிலைத் துறை அதிகாரி இல்லை, ஆர்வத்தில் எழுதத் தொடங்கியவர். இன்று மழை என்றால் கலெக்டர் அறிவிப்பு வருமுன் அவர் பக்கத்தைப் பார்க்காத வீடு உண்டா? எழுதியது எல்லாம் கண்முன் இருக்கிறது, சரி தப்பு நாமே பார்த்துக்கொள்ளலாம். பழைய பதிவுகள்தான் ஒருவரின் பேட்ஜ்.

தாழங்குடா தம்பி:
அக்கா, பழைய பதிவுகளைப் படித்துப் பார்க்க வெள்ளம் வரும்போது யாருக்கு நேரம் இருக்கிறது? இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு ஒருவன் போனைப் பார்க்கிறான். சார்ஜ் பத்து சதவீதம். அவனுக்கு ஒரு பார்வையில் தெரிய வேண்டும்.

இன்னொன்று, சர்வர் மாறினால் பழைய பதிவுகள் கூட வராது. பின்தொடர்பவர்கள் மட்டும்தான் வருவார்கள். அப்போது அவர் சம்பாதித்த நம்பிக்கை எங்கே போகும்?

சுண்ணாம்பாறு:
வேறு நெட்வொர்க்குகளில் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் பேசலாமே.

நாஸ்டர் என்ற சமூக நெட்வொர்க்கில் யார் வேண்டுமானாலும் பேட்ஜ் உருவாக்கி யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். கொடுத்தவரின் டிஜிட்டல் சாவியால் கையெழுத்து இருக்கும், வாங்குபவர் ஏற்றுக்கொண்டால்தான் ப்ரொஃபைலில் தெரியும். சுதந்திரம் அதிகம், ஆனால் பத்துக் கணக்கு உருவாக்கி எனக்கு நானே பத்துப் பேட்ஜ் கொடுத்துக்கொள்ளவும் தடையில்லை. கொடுத்தவர் யார் என்று பார்க்காவிட்டால் அது வெறும் அலங்காரம்.

ட்விட்டர் போன்ற இன்னொரு தளமான ப்ளூஸ்கையில் முதலில் சொந்த டொமைன் பெயரையே (வலைத்தள முகவரியையே) ஐடியாக வைத்துக்கொள்ளும் முறை இருந்தது. 2025 ஏப்ரலில் நீல டிக்கும் கொண்டுவந்தார்கள். அதை நிறுவனமும் கொடுக்கும், நியூயார்க் டைம்ஸ் போன்ற நம்பகமான சரிபார்ப்பாளர்களும் தங்கள் ஆட்களுக்குக் கொடுக்கலாம். டிக்கைத் தொட்டால் யார் கொடுத்தது என்று தெரியும். டிக்கே வேண்டாம் என்பவர் செட்டிங்ஸில் மறைத்துக்கொள்ளலாம். எனக்கு இந்த இரண்டும் பிடித்திருக்கிறது.

டொமைனை மட்டும் நம்புவதிலும் ஆபத்து உண்டு. குயர் டாட் ஏஎஃப் என்ற மாஸ்டோடான் சர்வர் ஆப்கானிஸ்தான் நாட்டு டொமைனில் இருந்தது. 2024 பிப்ரவரியில் தாலிபான் அரசு அந்த டொமைனை முடக்கியது. அத்தனை பேரின் முகவரியும் ஒரே நாளில் போயிற்று.

முத்தியால்பேட்டை ஆசிரியர்:
தொட்டால் யார் கொடுத்தது என்று தெரிய வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நகைக்கு ஹால்மார்க் போடுகிறார்களே, 2023 ஏப்ரலிலிருந்து ஒவ்வொரு ஹால்மார்க் தங்க நகைக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறியீடு கட்டாயம். முத்திரையைப் பார்த்து நம்ப வேண்டாம், அந்தக் குறியீட்டை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் ஆப்பில் போட்டால் எந்தக் கடை, எந்த மையம் சோதித்தது, எத்தனை காரட் என்று வந்துவிடும். தங்கம் எவ்வளவு என்று மட்டும்தான் சொல்லும். நகை அழகா, கூலி நியாயமா என்று சொல்லாது. பேட்ஜ் அந்த அளவோடு நிற்குமானால் என் எதிர்ப்பு பாதி குறைகிறது. "நம்பகமானவர்" என்று பொத்தாம் பொதுவாக ஒன்று வந்தால் எதிர்ப்பேன்.

உப்பளம் வாசகி:
ஐயா அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார், பரவாயில்லை. எனக்கு ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். பேட்ஜ் வாங்கியவர் தப்பான தகவல் போட்டு, அதை நம்பி ஒரு குடும்பம் வீட்டிலேயே இருந்துவிட்டால் பொறுப்பு யாருக்கு? கொடுத்த நமக்கா? கொடுப்பதைப் பற்றி எல்லோரும் பேசுகிறீர்கள், பறிப்பதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. ஊருக்குள் ஒருவரிடமிருந்து பேட்ஜைப் பறித்தால் அது அவமானம். அதற்குப் பயந்தே நாம் பறிக்காமல் விட்டுவிடுவோம்.

வில்லியனூர் அட்மின்:
நியாயமான கேள்வி. இதுவரை பேசியதை வைத்து ஒரு வழி சொல்கிறேன்.

நம் டொமைனில் ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கிக் கொடுக்கிறேன். வெப்சைட் இல்லாதவருக்கும் அதனால் பச்சை இணைப்பு கிடைக்கும், எல்லா சர்வரிலும் தெரியும். தொட்டால் அந்தப் பக்கம் திறக்கும். அதில் எந்தப் பகுதியைப் பற்றி எழுதுகிறார், அவரை நேரில் அறிந்த இரண்டு உறுப்பினர் யார், எந்தத் தேதி வரை என்பது மட்டும் இருக்கும். தேதி ஜனவரி 31 என்று வைத்துவிடலாம். பருவமழை முடிந்ததும் எல்லோருக்கும் தானாக முடிந்துவிடும், யாரிடமிருந்தும் பறிக்க வேண்டாம். அடுத்த மழைக்குப் புதிதாக.

ஒரு எச்சரிக்கை. நாங்கள் இணைப்பை எடுத்தாலும் பச்சை உடனே மறைந்துவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. ஒருமுறை விழுந்த டிக் வெளி சர்வர்களில் நிற்கலாம். அதனால்தான் தேதியைப் பக்கத்திலேயே எழுதச் சொல்கிறேன். முடிந்ததும் அந்தப் பக்கத்தின் தலையில் "காலம் முடிந்தது" என்று பெரிதாகப் போடுவேன்.

உப்பளம் வாசகி:
தேதி வைப்பது நல்லது. இரண்டு பேர் பெயரோடு நிற்பதும் நல்லது, தப்பு நடந்தால் யாரைக் கேட்பது என்று தெரியும். ஆனாலும் பச்சை டிக்கைப் பார்ப்பவர் தொட்டுப் படிக்க மாட்டார், சர்வரே சிபாரிசு செய்கிறது என்றுதான் நினைப்பார். அதனால் என் வாக்கு எதிராகவே இருக்கட்டும். எனக்குப் பக்கம் ஒதுக்க வேண்டாம். வம்பாகீரப்பாளையம் பக்கம் தண்ணீர் நின்றால் எப்போதும் போலப் போட்டோவும் நேரமும் சேர்த்துப் போடுவேன்.

கெடிலக்கரை:
வாக்கெடுப்பு ஞாயிறு இரவு வரை. வாசகி சொன்ன ஆட்சேபத்தையும் அட்மின் சொன்ன வழியையும் மேலே சேர்த்துவிட்டேன். ஆல்பேட்டைக்காரரிடம் நானே நேரில் போய்ப் பேசுகிறேன். அவருக்குச் சம்மதம் என்றால் சாட்சிக்கு என் பெயரைப் போடலாம், இன்னொருவர் வேண்டும்.

தாழங்குடா தம்பி:
அண்ணா, ஒரு சந்தேகம். எங்கள் தெருவில் தண்ணீர் கணக்கு துல்லியமாகச் சொல்பவர் என் பெரியம்மா. கருவாடு காயப்போடும் இடத்தில்தான் நாள் முழுக்க இருப்பார். மாஸ்டோடானெல்லாம் தெரியாது, வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மட்டும் அனுப்புவார். அவர் சொல்வதை நான் என் கணக்கில் எழுதினால் பக்கம் யார் பெயரில்?

வில்லியனூர் அட்மின்:
கணக்கு உன் பெயரில்தான் தம்பி. பக்கத்தில் "தகவல் பெரியம்மாவுடையது, எழுதுவது நான்" என்று போட்டுவிடுவோம். வாய்ஸையும் பதிவோடு சேர்த்துப் போடு, கேட்பவர்களுக்கு அவர் குரலே கேட்கட்டும். முதலில் அவரிடம் சம்மதம் கேட்டுவிட்டு எனக்குச் செய்தி அனுப்பு.